கத்தரிப்பூ நிறக் கார்பெட்

ரோலரின் கைப்பிடியை மணியம் சுற்றினான். நானும் தனமும் மறுபக்கம் நின்று, இரண்டு உருளைகளுக்கும் நடுவிலிருந்து வெளியே வரப்போவதைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தோம். வழக்கமாக அந்த ரோலரிலிருந்து வெள்ளை வெளேரென்று ரப்பர் ஷீட்தான் வரும். அன்று உள்ளே போனது கார்பெட். சாயத்தில் ஊறி, எருமைக் கன்று மாதிரிக் கனத்து, கத்தரிப்பூ நிறத்தில் இருந்த கார்பெட்.

முதலில் உருளை அதைக் கவ்வவில்லை. மணியம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தான். கவ்வியது. கவ்விய வேகத்தில் சாயத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. என் முகம், தனத்தின் பாவாடை, பக்கத்து வாழை மரம் எல்லாம் ஊதா.

"ஐயோ, என் கோயில் சட்ட!" என்று மணியம் கத்தினான்.

"கோயில் சட்டயப் போட்டுக்கிட்டு ரோலர் சுத்த யாரு வரச்சொன்னா மணியண்ணே?" என்று கேட்ட தனம், சிரிப்பு தாங்க முடியாமல் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

என் மனைவி அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. அப்போது எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன.

அட்டைக்குப் பதிலாக

போன வாரம் இந்தப் பத்தியில் மழைக்காலத்து அட்டைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டுத் தனம், "ரத்தம் குடிக்கிறதையே எழுதிக்கிட்டு இருக்கீங்களே, படிக்கிறவங்களுக்குச் சோறு எறங்குமா? கார்பெட்டு கதைய எழுதுங்க" என்றாள். நான் யோசித்தேன். அந்தக் கதையில் நான் கொஞ்சம் அசடாகத் தெரிவேன். "அதனாலதான் எழுதச் சொல்றேன்" என்றாள்.

எந்த வருஷம் என்று சரியாக நினைவில்லை. எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, கரண்ட் வந்த வருஷமாகவோ அதற்கடுத்த வருஷமாகவோ இருக்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரவனெல்லப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால் வெட்டிக்கொண்டிருந்தேன்.

சுருட்டி வந்தது

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியாத நேரத்தில் தனம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். தங்கச்சியைக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று அவளுடைய வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு லயத்திலும் இரண்டு மூன்று பெண்களாவது போனார்கள். போனவர்கள் திரும்பி வருவார்கள், கொஞ்ச நாள் இருப்பார்கள், மறுபடியும் போவார்கள். அது தீபாவளி வந்து போவது மாதிரி ஆகிவிட்டிருந்தது.

தனம் திரும்பி வந்தபோது அவளை ஏற்றிவந்த வான் வண்டியின் கூரையில், பொலித்தீன் சுற்றி, பாய் மாதிரிச் சுருட்டிய ஒன்று கட்டியிருந்தது. அவள் வேலை செய்த வீட்டு மேடத்தின் கட்டிலோரம் கிடந்ததாம். மேடம் புதுசு வாங்கியதும் பழசை இவளுக்குக் கொடுத்துவிட்டார். ரோலர் அளவுக்குத்தான் அகலம், ஆள் நீளத்துக்குக் கொஞ்சம் கூட. முழுக்க ஆட்டு மயிர். சந்தன நிறம். விரித்தவுடன் எங்கள் ஒற்றை அறைக் காம்பரா முழுக்க அத்தர் வாசம்.

எங்கள் லயத்தில் தரையில் போட என்று இருந்தது பாயும் சாக்கும்தான். மழைக்காலத்தில் கால் துடைக்கும் சாக்கில் காளான்கூட முளைக்கும். அப்படிப்பட்ட இடத்தில் இது வந்து படுத்துக்கொண்டது.

பார்க்க வந்தவர்கள் பீலித் தண்ணீரில் காலைக் கழுவிவிட்டு வந்தார்கள். கழுவியும் மிதிக்கவில்லை. சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு கிழவர் குனிந்து கன்னத்தை அதில் வைத்துப் பார்த்துவிட்டு, "உசிரோட இருக்குற மாதிரியே இருக்கே" என்றார்.

நானும் மிதிக்கவில்லை. காம்பரா சின்னது. கார்பெட்டைச் சுற்றிப் போக வேண்டுமென்றால் சுவரை உரசிக்கொண்டுதான் போகவேண்டும். என் சட்டைகளின் தோள்பட்டையெல்லாம் சுண்ணாம்பு.

"என்னங்க, அது என்ன பாம்பா? மிதிச்சா கடிக்குமா?" என்று தனம் கேட்பாள்.

உண்மையைச் சொன்னால், நான் கூச்சப்பட்டது கார்பெட்டிடம் மட்டும் இல்லை. போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போன பெண், வரும்போது கணீரென்று பேசினாள். அரபியில் "யல்லா" என்று என்னைத் துரிதப்படுத்தினாள். எனக்கு அவளோடு பேச நாக்கு எழவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசுவேன், விளக்கைப் பார்த்துக்கொண்டு பேசுவேன்.

சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். வாத்தியார் பெயர் கேட்டால் வாயைத் திறக்கமாட்டேன். கொப்பியைத் தூக்கி அட்டையில் எழுதியிருக்கும் பெயரைக் காட்டுவேன். புது வாத்தியார் ஒருவர் நான் ஊமை என்றே நினைத்து, என்னோடு கையால் சைகை செய்து பேசிக்கொண்டிருந்தார். அவரைத் திருத்துவதற்கும் எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஏஜென்ட் ஐயா குடித்த தேத்தண்ணி

தனம் வந்து சில மாதங்கள் போனதும் ஏஜென்ட் ஐயா வந்தார். ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். மோட்டார் சைக்கிளில், தோள்பையோடு, மழையில் நனைந்துகொண்டு வருவார். நல்ல மனுஷன்தான். எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பதுகூட அவருக்குத் தெரியும்.

"மேடம் டெலிபோன் போட்டாங்க தங்கச்சி. தனம்தான் வேணுமாம். வேற ஆள் வேணாமாம்" என்றார்.

காம்பராவில் இருந்த ஒரே நாற்காலியைக் கார்பெட்டின் ஓரத்தில் போட்டுக்கொடுத்தோம். தனம் இஞ்சி தட்டிப்போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவர் ஒரு கையில் கோப்பையை வைத்துக்கொண்டு, இப்போது ஓடுகிற பிளேன் எவ்வளவு பெரியது என்று மறுகையால் காட்டினார். அந்தக் கை போதவில்லைபோல. கோப்பை இருந்த கையையும் விரித்தார்.

தேத்தண்ணி முழுவதும் கார்பெட்டில்.

பதறிப்போய்ப் பாக்கெட்டிலிருந்த துணியை எடுத்து அவரே துடைத்தார். அது வழியில் மோட்டார் சைக்கிள் செயின் கழன்றபோது கை துடைத்த துணி. தேத்தண்ணிக் கறைக்கு மேல் கிரீஸ் கறை. தேய்க்கத் தேய்க்க விரிந்தது.

"ஐயோ தங்கச்சி, மன்னிச்சுக்குங்க" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பரவால்லீங்க ஐயா. திரும்பப் போனா இன்னொன்னு கொண்டாந்துக்கலாம்" என்றாள் தனம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் கறையைப் பார்த்தேன்.

அடுத்த மாதம் வந்து கொழும்புக்கு மெடிக்கலுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

மரங்களிடம் சொன்னது

'தனம், நீ போக வேணாம்.' நாலே வார்த்தை. அதைச் சொல்லிப் பழகினேன். விடியற்காலையில் பால் வெட்டும்போது ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் நின்று சொன்னேன். பட்டையைச் சீவுவேன், சிரட்டையை வைப்பேன், "தனம், நீ போக வேணாம்" என்பேன், அடுத்த மரத்துக்குப் போவேன்.

பக்கத்து நிரையில் வெட்டிக்கொண்டிருந்த மணியத்தின் குரல் கேட்டது. "மரத்துக்கிட்ட சொல்லி என்னாடா பண்றது? மரம் எங்க போகப்போகுது?"

மணியம் என்னோடு வளர்ந்தவன். எந்தப் பிரச்சினைக்கும் அவனிடம் ஒரு வழி இருக்கும். வழி சரியாக வராவிட்டால் அடுத்த வழி இருக்கும்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. கார்பெட் பழையபடி நன்றாகிவிட்டால் இன்னொரு கார்பெட் தேவையில்லை. இன்னொரு கார்பெட் தேவையில்லை என்றால் அவள் போகத் தேவையில்லை. இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது அது ரொம்பச் சரியாகத் தெரிந்தது.

"கறதானே? நம்ம கையில இல்லாத மருந்தா?" என்றான் மணியம்.

பால் வெட்டுகிறவர்களுக்குத் தெரியும். கையில் பட்ட ரப்பர் பால் காய்ந்த பிறகு உரித்தால், அழுக்கு, மயிர் எல்லாம் அதோடு சேர்ந்து வந்துவிடும். கை பளிச்சென்று இருக்கும். அதே மாதிரி கறையின் மேல் பாலை ஊற்றிக் காயவிட்டு உரித்தால் போதும் என்றான். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. தனத்துக்கும் பட்டது. நாங்கள் எல்லோருமே பால்காட்டில் பிறந்தவர்கள்.

ஊற்றினோம். காய்ந்தது. உரித்தோம். உரியவில்லை. பால் மயிருக்குள் இறங்கி, வேர்வரைக்கும் பிடித்துக்கொண்டு, கார்பெட்டின் நடுவில் செருப்பின் அடிப்பாகம் மாதிரி இறுகிவிட்டது. இழுத்தால் ஆட்டு மயிர்தான் கையோடு வந்தது.

தனம் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "நல்லதாப் போச்சு. இனிமே மழையில இதயே கால்ல மாட்டிக்கிட்டுப் போகலாம்" என்றாள்.

குசுமா அக்காவின் பீப்பாய்

தோட்டத்து எல்லையைத் தாண்டினால் சிங்களக் கிராமம். முதல் வீடு குசுமா அக்காவுடையது. கொஞ்சம் ரப்பர், ஒரு கை ரோலர், ஷீட் காயவைக்கச் சின்னதாக ஒரு புகைக்கூடு. மற்ற நேரத்தில் கோரைப் புல்லில் பாய் பின்னுவாள். பாய்க்குச் சாயம் போடுவதும் அவளே. தனத்துக்கு அவளோடு நல்ல சிநேகம்; தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் 'நங்கி' என்றுதான் இவளைக் கூப்பிடுவாள். தனம் சிங்களத்தில் பேசுவாள், அவள் தமிழில் பதில் சொல்லுவாள். இரண்டு பேரும் பிழையாகப் பேசி நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

கார்பெட்டைத் தூக்கிக்கொண்டு அவள் முற்றத்துக்குப் போனோம். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அனே நங்கி, இது கற எடுக்க ஏலாது. மத்தது எல்லாம் கற மாதிரி பண்ணு. அப்ப கற எங்க? இல்ல!"

சிவப்புச் சாயம் ஒரு கல்யாணப் பாய்க்கு முடிந்துபோயிருந்தது. பச்சையில் அடித் தூள்தான் மிச்சம். ஊதா மட்டும் தகரம் நிறைய இருந்தது. ஊதாப் பாயை யாரும் கேட்பதில்லையாம்.

பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாளில் சாயம் போட்டோம். அவள் வீட்டில் நெல் அவிக்கும் பாதிப் பீப்பாயை மூன்று கல்லில் ஏற்றி, காய்ந்த ரப்பர் விறகை அடுக்கித் தீ மூட்டினோம். தண்ணீர் கொதித்ததும் சாயத்தைக் கரைத்தாள். பிறகு, ஷீட்டுக்குப் பால் உறைய வைக்கும் அசிட்டில் ஒரு மூடி. புளிப்பு இல்லாமல் சாயம் பிடிக்காது, அம்மா காலத்தில் கொறக்காப் புளி போடுவோம் என்றாள்.

கார்பெட்டை உள்ளே அமுக்கியதும் ஒரு நெடி கிளம்பியது பாருங்கள். நனைந்த ஆடு, குவைத் அத்தர், ரப்பர் அசிட், விறகுப் புகை எல்லாம் ஒன்றாக. மணியம் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "மேடமே வந்து எறங்குன மாதிரி இருக்கு" என்றான்.

நான் அகப்பைக் கட்டையால் கிளறினேன். கார்பெட் குடிக்கக் குடிக்கத் தண்ணீர் வெளுக்கத் தொடங்கியது. முழுதாக வெளுக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஆனால் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்று தீயை இழுத்துவிட்டு, பச்சைத் தண்ணீர் ஊற்றி ஆற்றினோம்.

"கட்டயால தூக்கு நங்கி. கை போட வேணாம். கலர் போகாது, மாசம் போனாலும் போகாது" என்றாள் குசுமா அக்கா.

தனம் அதைக் கேட்டாள். தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பி ஒருமுறை பார்த்தாள். பிறகு வளையலை மேலே தள்ளிவிட்டு, முழங்கைவரை பீப்பாய்க்குள் விட்டாள்.

அவசரத்தில் செய்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் ரோலர், மணியத்தின் கோயில் சட்டை, சேற்றில் உட்கார்ந்த சிரிப்பு எல்லாம். மழை பிடித்துக்கொண்டதால் கார்பெட்டைப் புகைக்கூட்டில், ரப்பர் ஷீட்டுகளோடு வரிசையாகத் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினோம்.

யானையா, முயலா?

காய்ந்ததும் எடுத்து விரித்தோம். ஓரமெல்லாம் சுருங்கி, பொரித்த அப்பளம் மாதிரி அலையலையாக நின்றது. அத்தர் வாசம் போய், புகையில் காய்ந்த ரப்பர் வாசம் வந்திருந்தது. தேத்தண்ணியும் கிரீஸும் இருந்த இடம் தெரியவில்லை. எல்லாம் ஒரே கத்தரிப்பூ நிறம்.

நடுவில் ரப்பர் பால் இறங்கிய இடத்தில் மட்டும் சாயம் ஏறவில்லை. அழுக்குச் சந்தன நிறத்தில் ஒரு உருவம் நின்றது. குசுமா அக்கா யானை என்றாள். மணியம் முயல் என்று சண்டை பிடித்தான்.

"ரெண்டும் இல்ல. ஏஜென்ட் ஐயா பைக்ல போறாரு" என்றாள் தனம்.

பார்த்தால், அதேதான்! தோள்பைகூட இருந்தது.

அன்றிலிருந்து அந்தக் கார்பெட்டை எல்லோரும் மிதித்தார்கள். ஊதா நிறத்துக்கு யாரும் பயப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் கடதாசிச் சீட்டு விளையாடினார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் கால் நீட்டிப் படுத்தார்கள். நானும் சுவரை விட்டு நடுவில் நடந்தேன். காலுக்கு மெத்தென்று இருந்தது.

மெடிக்கல்

சொன்னபடி ஏஜென்ட் ஐயா வந்தார். வாசலிலேயே தனத்தின் கையைப் பார்த்துவிட்டார்.

"என்ன தங்கச்சி இது? ரெண்டு கையும் நாவப்பழம் மாதிரி?"

"சாயம் போட்டோங்க ஐயா. போகமாட்டேங்குது."

"இந்தக் கையோட மெடிக்கலுக்குப் போனா தோல் வியாதின்னு எழுதிப்புடுவானுங்களே. சரி, வெளுக்கட்டும். வந்து பாக்குறேன்."

அவர் போனதும் தனம் என் பக்கம் திரும்பினாள். நான் விளக்கைப் பார்த்தேன்.

கை கொஞ்சம் வெளுத்த நேரத்தில், தலையணை உறைக்கும் சாயம் போட்டால் நன்றாக இருக்கும் என்று குசுமா அக்கா வீட்டுக்குப் போனாள். கட்டையால் கிளறவில்லை, கையாலேயே பிசைந்தாள். ஏஜென்ட் ஐயா வந்தார், கையைப் பார்த்தார், போனார். அடுத்து படுக்கை விரிப்பு. அதற்கடுத்து ஜன்னல் துணி, என் பனியன்கள். கொடியில் காயப்போட்டால் எங்கள் காம்பரா எது என்று மேட்டு ரோட்டிலிருந்தே தெரியும்.

அப்போதும் எனக்குப் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். பனியன்களின் போது புரிந்துவிட்டது. அவள் போக விருப்பமில்லை என்று வாயால் சொல்லவில்லை. முதலில் நான் சொல்ல வேண்டும் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள் என்பதும் புரிந்தது. மரங்களிடம் இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

தகரத்தின் அடி

அடுத்த தடவை ஏஜென்ட் ஐயா வருவதற்கு முந்தின நாள் அது. தனம் பீலியில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் மட்டும்தான் ஊதா மிச்சம். குசுமா அக்காவின் சாயத் தகரமும் காலியாகிவிட்டிருந்தது.

அன்று பால் நிறுத்துக் கொடுத்ததும் நேரே பஸ் ஏறிக் கரவனெல்லக் கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரரிடம் நான் கேட்டது அவர் காதில் விழவில்லை. "என்னாங்க?" என்றார். மறுபடியும் சொன்னேன். அப்போதும் விழவில்லை. கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"ஊதாச் சாயம்!" என்று கத்திவிட்டேன்.

நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தை அடுப்போரம் வைத்தேன். தனம் பிரித்துப் பார்த்தாள்.

"இது எதுக்குங்க?"

"கை வெளுத்துப்போச்சு" என்றேன். இந்தத் தடவை அடுப்பைப் பார்க்கவில்லை.

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "சரி, எதுல போடுறது? இந்த வீட்டுல இனி முக்குறதுக்கு என்னா இருக்கு?"

நான் டிரங்குப் பெட்டியைத் திறந்து என் கல்யாண வேட்டியை எடுத்துக் கொடுத்தேன். பட்டுக் கரை போட்ட வெள்ளை வேட்டி. கல்யாணத்தன்று ஒரே ஒரு தடவை கட்டியது.

தனம் வேட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யல்லா, தண்ணியக் கொதிக்க வைங்க" என்றாள்.

அன்று சட்டிக்குள் நாலு கைகள் இருந்தன.

மறுநாள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் நான்தான் முதலில் முன்திண்ணை இஸ்தோப்புக்கு வந்தேன். கத்தரிப்பூ நிற வேட்டி கட்டி, கத்தரிப்பூ நிறக் கைகளைக் கூப்பி, "வாங்க ஐயா" என்றேன். எனக்குப் பின்னால் தனம் அதே நிறத்தில் கை கூப்பி நின்றாள்.

ஏஜென்ட் ஐயா என்னைப் பார்த்தார், தனத்தைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். தோள்பையைத் திறக்கவில்லை. கழற்றி ஆணியில் மாட்டினார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்காலியைக் கார்பெட்டுக்கு நடுவிலேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேடத்துக்கு வேற ஆள் பாத்துக்கலாம். தேத்தண்ணி குடுங்க தங்கச்சி, இஞ்சி போட்டு" என்றார்.

குடித்துக்கொண்டே, புதுசாக வந்திருக்கும் கப்பல் எவ்வளவு பெரியது என்று சொல்லத் தொடங்கினார். வழக்கம்போல் இரண்டு கையையும் விரித்தார். தேத்தண்ணி கார்பெட்டில் சிந்தியது.

குனிந்து தேடினோம். எங்கே சிந்தியது என்று யாருக்கும் தெரியவில்லை.